தள்ளுபடியில் கிடைக்கும் மழை ஜாக்கெட்: ஆல்ப்ஸ் கணவாய்களுக்கு எதைத் தேர்வு செய்வது?

ஆரேக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கோவையிலிருந்து வேலை நிமித்தமாக வந்து சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் வசிக்கிறேன். மஞ்சள் பலகையிட்ட எளிய பாதைகளிலும், ஷீனிகே பிளாட்டேயிலிருந்து ஃபிர்ஸ்ட் வரை செல்வது போன்ற ஒருநாள் மலைவழிகளிலும் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. வரும் ஆகஸ்டில் கணவரும் நானும் லவுட்டர்புருன்னனில் தொடங்கி, 2,612 மீட்டர் உயரமுள்ள செஃபினன்ஃபுர்கே கணவாயைக் கடந்து கிரீஸ்ஆல்புக்கு இறங்கி, அங்கிருந்து 2,778 மீட்டர் உயரமுள்ள ஹோத்யூர்லி வழியாகக் காண்டர்ஷ்டேக் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஹோத்யூர்லிக்குச் சற்று மேலே இருக்கும் புளூயம்லிசால்ப் குடிலில் ஓர் இரவு தங்குவோம். அடுத்த ஆண்டு, வழிகாட்டி ஒருவருடன் பனியாற்றின் மேல் நடக்கக் கற்றுத்தரும் அறிமுக வகுப்பில் சேரவும் விருப்பம்.

என்னிடம் இருப்பது ஊரில் வாங்கிய மெல்லிய மழைக்கோட்டு மட்டுமே. ஆகவே நல்ல நீர்புகா ஜாக்கெட் ஒன்றைத் தேடியதில், தள்ளுபடியில் மூன்று கண்ணில் பட்டன. முதலாவது, கோர்-டெக்ஸ் புரோ என்னும் மூன்றடுக்கு நீர்புகாத் துணியால் ஆனது; 650 பிராங்க் விலையிட்டு இப்போது 340க்குத் தருகிறார்கள்; எடை 510 கிராம்; இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மாதிரி; வழக்கமாக நான் எம் அளவு அணிபவள், ஆனால் எஸ் அளவு மட்டுமே மிச்சம் இருக்கிறது. இரண்டாவது, இரண்டரை அடுக்கு. 240லிருந்து 120 பிராங்காகக் குறைத்திருக்கிறார்கள். எடை 260 கிராம்தான். அக்குளில் ஜிப் கிடையாது. சீட்டில் 20,000 என்றும் 15,000 என்றும் இரண்டு எண்கள் இருக்கின்றன. மூன்றாவது, தயாரிப்பு நிறுவனமே உருவாக்கிய நீர்புகாப் படலம் கொண்ட மூன்றடுக்கு ஜாக்கெட். 380லிருந்து 210 பிராங்க். எடை 390 கிராம். அக்குள் ஜிப்பும் தலைக்கவசத்தின் மேல் அணியக்கூடிய தலைமறைப்பும் உண்டு. வெளித்துணியில் ஃபுளோரின் சேராத நீர்விலக்குப் பூச்சு என்று எழுதியிருக்கிறது. அது கடுகு மஞ்சள் நிறத்தில் மட்டுமே கிடைக்கிறது.

என்னால் செலவிடக்கூடியது மொத்தம் 350 பிராங்க். 650 பிராங்க் பொருள் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும்போது விட்டுவிடக் கூடாது என்று மனம் சொல்கிறது; ஆயினும் எனக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதானா என்பதில் தெளிவில்லை. அந்த எண்களுக்கு என்ன பொருள், பழைய இருப்பை வாங்குவதில் இடர் ஏதும் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மலைக்கடை:

வணக்கம் சகோதரி. பேர்ன் மாநிலத்தின் மலைப்பகுதியில், நடைப்பொருட்கள் விற்கும் கடையொன்றில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. தள்ளுபடிப் பொருளைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வீதம் குறைத்திருக்கிறார்கள் என்பதைவிட, ஏன் குறைத்திருக்கிறார்கள் என்பதே. உங்கள் மூன்று ஜாக்கெட்டுகளிலும் அந்தக் காரணம் வேறு வேறாக இருக்கிறது.

மஞ்சள் ஜாக்கெட் மலிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதன் நிறம். கறுப்பும் கருநீலமும் விரைவில் விற்றுப்போக, கடுகு மஞ்சள் பருவ இறுதிவரை தாங்கியிலேயே தொங்கும். வாங்குபவருக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. துணியில் எந்தக் குறையும் இல்லை, மேலும் மூடுபனியிலும் பாறைச்சரிவிலும் மஞ்சள் நிறத்தைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். முதலாவது ஜாக்கெட்டுக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, அளவுகள் தீர்ந்துவிட்டமை. மற்றது, இத்துறையில் நடந்துகொண்டிருக்கும் பொருள் மாற்றம். பாப் கோர் 1969ஆம் ஆண்டில் கண்டறிந்த, ஃபுளோரின் கொண்ட டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கை வேகமாக இழுத்து நுண்துளைகளோடு விரிக்கும் முறைதான் அரை நூற்றாண்டாக கோர்-டெக்ஸ் படலத்தின் அடிப்படையாக இருந்தது. 2022இல் கோர் நிறுவனம் படிப்படியாகப் பாலிஎத்திலீன் படலத்துக்கு மாறத் தொடங்கியது. பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுவதால், பிரான்சு 2025இல் இயற்றிய சட்டம் 2026 ஜனவரி 1 முதல் அவற்றைக் கொண்ட ஆடைகளின் விற்பனையைத் தடை செய்கிறது. ஏனைய நாடுகளும் அதே திசையில் செல்கின்றன. பழைய படலம் கொண்ட சரக்கைக் கடைகள் விரைந்து தள்ளிவிட விரும்புவதற்கு இது ஒரு காரணம். அந்த ஜாக்கெட் மழையைத் தடுக்கும் திறனில் தாழ்ந்ததன்று. அச்சேர்மங்களை அணிய விரும்புகிறீர்களா என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று விசாரியுங்கள். சில நிறுவனங்கள் தள்ளுபடி நிலையங்களில் விற்பதற்கென்றே தனியாகச் சரக்குச் செய்கின்றன. இலச்சினை அதுவாகவே இருக்கும். துணியும் ஜிப்பும் எளியவையாக இருக்கும். கோடிட்டு அடித்த பழைய விலைக்கு அது எங்கும் விற்கப்பட்டிருக்காது. மாதிரியின் பெயரை நிறுவனத்தின் முந்தைய பட்டியல்களில் தேடிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இனி எண்கள். 20,000 என்பது, துணியின் மேல் 20 மீட்டர் உயர நீர்த்தூண் அழுத்தும் அளவுக்கு அழுத்தம் கொடுத்த பின்னரே நீர் உள்ளே கசிந்தது என்பதைக் குறிக்கும். சாதாரண மழை அவ்வளவு அழுத்தத்தைத் தருவதில்லை; ஆனால் பையின் வார் தோளில் அழுந்தும் இடத்திலும், ஈரப் பாறையில் உட்காரும்போதும் அழுத்தம் பலமடங்காகிறது. 10,000க்கு மேல் உள்ள எதுவும் உங்கள் நடைக்குப் போதுமானது. 20,000ஐயும் 28,000ஐயும் ஒப்பிட்டு மனத்தைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. மற்ற எண்ணான 15,000, ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் வெளியேற்றும் நீராவியின் கிராம் அளவு, அதாவது மணிக்கு 625 கிராம். இதை அளக்கப் பல முறைகள் இருக்கின்றன, ஒரே துணி முறைக்கு முறை வேறு எண் தரும். ஆகவே இரு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. சீட்டில் ஆர்.இ.டி. என்ற எண் இருந்தால் அதை நம்பலாம். அது வியர்வை ஆவிக்குத் துணி காட்டும் தடையை அளப்பது என்பதால் குறைவாக இருப்பதே நல்லது. 6க்குக் கீழே மிகச் சிறப்பு, 13 வரை நன்று, 20ஐத் தாண்டினால் ஏற்றத்தில் அணிவதற்கு உகந்ததன்று.

உங்கள் பாதையை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கிரீஸ்ஆல்ப் ஏறத்தாழ 1,400 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஹோத்யூர்லிக்கு ஒரே நாளில் 1,370 மீட்டர் ஏறுகிறீர்கள். தாழ்ந்த பகுதியில் கோடை மழை பெய்யும்போது வெளிக்காற்றும் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். படலத்தின் வழியே ஆவி வெளியேறுவது உள்ளும் வெளியும் உள்ள ஆவியழுத்த வேறுபாட்டால்தான். அந்த வேறுபாடு குறையும்போது எவ்வளவு விலையுயர்ந்த படலமும் திணறும். அந்த நேரத்தில் உங்களைக் காப்பது அக்குள் ஜிப் மட்டுமே. இரண்டாவது ஜாக்கெட்டில் அது இல்லாதது, எடை குறைந்திருப்பதால் கிடைக்கும் நன்மையை விடப் பெரிய குறை என்பது என் கருத்து.

மேலே சென்றதும் நிலைமை தலைகீழாகிறது. நூறு மீட்டர் ஏறும்போது ஏறத்தாழ 0.65 பாகை வெப்பம் குறையும் என்று கணக்கிட்டால், 540 மீட்டர் உயரமுள்ள பேர்னில் 16 பாகையாக இருக்கும் மழைநாளில் கணவாயில் ஒன்றரைப் பாகை அளவே இருக்கும். பெய்வது மழையும் பனியும் கலந்ததாக இருக்கும், அதனுடன் காற்றும் சேரும். நம் ஊர் மழையில் நனைந்தால் தலையைத் துவட்டிக்கொண்டு வேறு உடை மாற்றினால் போதும். இங்கே நனைந்த உடம்போடு காற்றில் நின்றால் கை விரல்கள் மரத்து, ஜிப்பை இழுக்கவும் முடியாமல் போகும். ஆகஸ்டில் 2,500 மீட்டருக்கு மேல் பனி பெய்வது அரிதான செய்தியன்று.

இந்தக் காரணங்களால் நான் மூன்றாவதையே சொல்வேன். மூன்றடுக்கு ஜாக்கெட்டில் படலத்தின் உட்புறத்தை மெல்லிய துணி காப்பதால், வியர்த்த தோலில் ஒட்டாது, பை வாரின் உராய்வையும் நெடுங்காலம் தாங்கும். இரண்டரை அடுக்கில் அந்தத் துணிக்குப் பதிலாக ஒரு மெல்லிய பூச்சுதான் இருக்கும். சில ஆண்டுகளில் கழுத்தோரத்திலும் தோளிலும் அது உரியத் தொடங்குவதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். மழை வாய்ப்புக் குறைவான நாளில் பையின் அடியில் போட்டுவைக்க அது நல்ல ஆடை. இரண்டு கணவாய்களுக்கு நடுவே அணிந்தபடியே நாள் முழுதும் நடப்பதற்கு உரியதன்று.

பனித்தடம்:

மலைக்கடை அண்ணாவின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஒரு கோணத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நான் கோடையில் பனியாறுகளிலும் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடைகளிலும் ஈடுபடுகிறேன். அடுத்த ஆண்டு பனியாற்று வகுப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதால், முதலாவது ஜாக்கெட்டை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். புரோ வகைத் துணிகளில் தோள், முன்கை போன்ற இடங்களில் தடித்த நூலைப் பயன்படுத்துவார்கள். கயிறு உரசும், பனிக்கோடரியின் கூர்முனை படும், பாறையில் சாய்ந்து இறங்க நேரும். மெல்லிய துணி அங்கே விரைவில் கிழியும். விறைப்பான துணி காற்றில் படபடக்காது என்பதும் சிறு விஷயமன்று. நல்ல பராமரிப்பு இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும் ஆடைக்கு 340 பிராங்க் நியாயமான விலையே.

ஆயினும் எஸ் அளவை வாங்க வேண்டாம். உயரத்தில் ஜாக்கெட்டுக்கு அடியில் அடிச்சட்டையும் அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ் ஒன்றும் இருக்கும். குடிலை அடையும் முன் காற்றில் நிற்க நேர்ந்தால் பஞ்சுப்பொதி ஜாக்கெட்டின் மேலும் இதை மாட்ட வேண்டியிருக்கும். இறுக்கமான வெளியாடை உள்ளேயிருக்கும் பொதியை நசுக்கினால், வெப்பத்தைத் தேக்கிவைக்கும் காற்று வெளியேறிவிடும்; நீர் புகாது, ஆனால் குளிர் புகும். 2018 ஏப்ரல் இறுதியில் வாலே மாநிலத்தின் பின்யு தரோலா மலையருகே புயலில் சிக்கி வெளியில் இரவைக் கழித்த பனிச்சறுக்கு நடையர்களில் ஏழு பேர் இறந்தனர். குடில் ஒன்று அவர்களுக்கு வெகு அருகிலேயே இருந்தது. ஆகஸ்டு நடையை ஏப்ரல் மாத உயர்மலைப் பயணத்தோடு சமன்படுத்தி உங்களை அச்சுறுத்துவது என் எண்ணமன்று. குளிரும் காற்றும் ஒன்றுசேரும் இடத்தில் ஜாக்கெட் என்பது பல அடுக்குகளில் ஒன்றே என்பதையும், அவ்வடுக்குகள் எல்லாம் அதனுள் அடங்க வேண்டும் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கடைக்குச் செல்லும்போது உங்கள் ஃபிளீஸையும் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் அணிந்து, கைகளைத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். கீழ்விளிம்பு இடுப்பு வாரிலிருந்து உருவி மேலே வரக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. பக்கப்பைகளின் வாய் இடுப்பு வாருக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் மறைந்தால் நாள் முழுதும் அவற்றை உங்களால் திறக்க முடியாது. தலைமறைப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு இடமும் வலமும் திரும்புங்கள். அது உங்கள் முகத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும்; திரும்பாமல் நின்றால் ஒரு கண் மறையும், பாறைப்படியில் அது ஆபத்து. தலைக்கவசத்துக்காகச் செய்த பெரிய தலைமறைப்புகளில் பின்புறம் இழுத்துச் சுருக்கும் கயிறு இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். கடைசியாக, கையுறையோடு எல்லா ஜிப்புகளையும் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

ஆரேக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி ஃபிளீஸும் பையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று வந்தேன். முதலாவது ஜாக்கெட்டின் எஸ் அளவில் ஃபிளீஸோடு முழங்கையை மடக்கவே சிரமமாக இருந்தது, அதை விட்டுவிட்டேன். மஞ்சள் ஜாக்கெட்டின் எம் அளவு கையை உயர்த்தும்போது மேலே ஏறவில்லை, பைகளும் வாருக்கு மேலேயே இருக்கின்றன. தலைமறைப்பு வெறுந்தலைக்குப் பெரிதாக இருந்தாலும் பின்கயிற்றைச் சுருக்கியதும் சரியாகிவிட்டது. அதன் ஆர்.இ.டி. எண் 9 என்று சீட்டில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது மூன்று ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. முதலாவது ஜாக்கெட்டே எம் அளவில், எல்லைக்கு அப்பால் கான்ஸ்டன்ஸ் நகரக் கடையொன்றில் 390 யூரோவுக்கு இருப்பதாகத் தெரிகிறது. வரியைத் திரும்பப் பெற்றால் மலிவாகுமா? அடுத்து, ஃபுளோரின் இல்லாத பூச்சு விரைவில் நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையானால் மஞ்சள் ஜாக்கெட்டை நம்பலாமா? கடைசியாக, கணவரிடம் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நல்ல மூன்றடுக்கு ஜாக்கெட் ஒன்று இருக்கிறது. அண்மையில் மழையில் அதன் வெளித்துணி கறுத்து நனைந்து, உள்ளேயும் ஈரமாகிவிட்டது. அவருக்கும் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் எங்கள் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

எல்லைக்கோடு:

வணக்கம். விலை, வரி, திருப்பிக் கொடுத்தல் ஆகியவை பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஜெர்மனியில் 390 யூரோ விலையில் 19 வீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. சுவிஸில் வசிப்பவர் என்ற முறையில் ஏற்றுமதிச் சீட்டை எல்லையில் சுங்க முத்திரையிட்டுக் கடைக்குத் திருப்பித் தந்தால் அந்த வரி திரும்பக் கிடைக்கும். அப்போது நிகர விலை ஏறத்தாழ 328 யூரோ. ஆனால் 2025 ஜனவரி முதல் சுவிஸுக்குள் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருளின் மதிப்பு ஒருவருக்கு ஒருநாளைக்கு 300 பிராங்கிலிருந்து 150 பிராங்காகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஒரே பொருள் அதற்கு மேற்பட்ட விலையுடையதாக இருந்தால், கணவரும் உடன் வருகிறார் என்று மதிப்பை இருவருக்கும் பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே இங்கே 8.1 வீத வரி கட்ட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 354 யூரோவாகும். 2024 முதல் தொழிற்பொருட்களுக்கு இங்கே சுங்கத் தீர்வை இல்லாததால் வேறு கட்டணம் வராது. பேர்னிலிருந்து கான்ஸ்டன்ஸ் சென்று வரும் ரயில் செலவையும் சேர்த்தால் உங்கள் வரம்பை அது தாண்டிவிடும்.

இணையத்தில் வாங்க நினைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையவழி வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. தள்ளுபடிப் பொருளுக்கும் அது பொருந்தும். சுவிஸ் சட்டத்தில் அத்தகைய பொதுவான உரிமை இல்லை. பல கடைகள் தாமாகவே அதை வழங்குகின்றன. ஆனால் விலை குறைத்த பொருட்களுக்கு மட்டும் விலக்கு வைத்திருப்பதுண்டு. பொருளில் உள்ள குறைக்கு இரண்டு ஆண்டுப் பொறுப்பு சட்டப்படி உண்டு என்றாலும், ஒப்பந்த நிபந்தனைகளில் அதை மாற்றியமைக்க விற்பவருக்கு இடம் இருப்பதால், நிபந்தனைகளைப் படிக்காமல் பணம் செலுத்தாதீர்கள். கோடிட்ட விலையின் உண்மையைச் சோதிக்க ஒரு வழியும் உண்டு: ஒன்றியத்தில் விலைக்குறைப்பை அறிவிக்கும் கடை, முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்டியாக வேண்டும். அதே ஜாக்கெட்டை ஜெர்மன் அல்லது ஆஸ்திரிய இணையக்கடையில் பார்த்தால், அதன் விலை உண்மையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அளவு சரியாகப் பொருந்துவதை நேரில் பார்த்துவிட்ட ஜாக்கெட் உள்ளூர்க் கடையிலேயே 210 பிராங்குக்கு இருக்கும்போது, எல்லை தாண்டிச் செல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

மலைக்கடை:

எல்லைக்கோடு எழுதிய கணக்கு எனக்கும் பயனுள்ளதாக இருந்தது. உங்கள் மற்ற இரண்டு ஐயங்களும் உண்மையில் ஒன்றே என்பதால் சேர்த்தே விடை சொல்கிறேன்.

நீர்புகா ஜாக்கெட்டில் நீரைத் தடுக்கும் வேலையை இரண்டு பகுதிகள் செய்கின்றன. உள்ளேயிருக்கும் படலம் நீரை நிறுத்துகிறது. வெளித்துணியின் மேலுள்ள பூச்சு, மழைத்துளியைச் சேம்பிலையில் உருள்வது போல உருட்டிவிடுகிறது. பூச்சு தேய்ந்தால் வெளித்துணி நீரை உறிஞ்சிக் கறுக்கும். அப்போதும் படலம் நீரை உள்ளே விடுவதில்லை. ஆனால் நனைந்த துணி ஆவியை வெளியே விடாது, உடம்பையும் குளிரவைக்கும். வியர்வை உள்ளே தேங்கி நீராகிறது. அணிந்தவர் அதைக் கசிவு என்று எண்ணி ஜாக்கெட்டைக் கைவிடுகிறார். கசிகிறது என்று எங்களிடம் கொண்டுவரப்படும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றில் படலம் நன்றாகவே இருக்கிறது. அவை நெடுநாள் துவைக்கப்படாதவை என்பதே குறை.

ஃபுளோரின் இல்லாத பூச்சு தண்ணீரை நன்றாகவே உருட்டும். அதன் பலவீனம் எண்ணெய்ப்பசையில் இருக்கிறது. பழைய பூச்சுகள் எண்ணெயையும் விலக்கின, புதியவை விலக்குவதில்லை. தோலின் எண்ணெய், வெயில் களிம்பு, சமையல் புகை ஆகியவை படிந்த இடத்தில் அது விரைவில் செயலிழக்கும். கழுத்துப் பட்டை, மணிக்கட்டு, வார் படும் தோள் ஆகியவை முதலில் கறுக்கும். இதற்கு ஒரே மருந்து அடிக்கடி துவைப்பது. துவைத்தால் ஜாக்கெட் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை நம் மக்களிடம் வலுவாக இருக்கிறது; அதைக் கைவிட வேண்டும். நீங்கள் இதை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் மஞ்சள் ஜாக்கெட்டைத் தயங்காமல் நம்பலாம். துவைப்பதில் அக்கறை இல்லாதவருக்கு அதை நான் விற்க மாட்டேன்.

துவைக்கும் முறையையும் சொல்கிறேன். எல்லா ஜிப்புகளையும் மூடி, ஒட்டுப்பட்டைகளைச் சேர்த்து, உட்சீட்டில் குறித்த வெப்பத்தில், பெரும்பாலும் 30 அல்லது 40 பாகையில், திரவச் சவர்க்காரம் சிறிதளவு பாவித்துத் துவையுங்கள். துணி மென்மையாக்கி ஒருபோதும் வேண்டாம். அது நீரை ஈர்க்கும் படிவை விட்டுவிடும். இயந்திரத்தின் சவர்க்காரத் தட்டில் பழைய மென்மையாக்கி ஒட்டியிருந்தால் அதையும் முதலில் கழுவிவிடுங்கள். இருமுறை அலசுங்கள். உலர்ந்த பின், உட்சீட்டு அனுமதித்தால் உலர்த்தி இயந்திரத்தில் குறைந்த வெப்பத்தில் இருபது நிமிடம் சுழலவிடுங்கள். படுத்துவிட்ட பூச்சை இந்த வெப்பமே மீண்டும் எழுப்பும். அதன் பின்னரும் நீர் உருளாவிட்டால் மட்டுமே, கடையில் கிடைக்கும் பூச்சுத் திரவத்தைத் தெளித்து மறுபடி வெப்பமூட்ட வேண்டும்.

உங்கள் கணவரின் ஜாக்கெட்டை முதலில் இவ்வாறு துவைத்துப் பாருங்கள். புதிது வாங்குவது பற்றிப் பிறகு யோசிக்கலாம். உங்கள் வரம்பில் மிச்சமாகும் 140 பிராங்கில் இருவருக்கும் எளிய மழைக்காற்சட்டையும் நீர்புகாக் கையுறையும் வாங்க முயலுங்கள். ஜாக்கெட்டுக்கே எல்லாப் பணத்தையும் செலவிட்டுவிட்டு, காற்சட்டை நனைந்து தொடை குளிர்ந்து நடுங்கியபடி இறங்கி வருபவர்களைக் கோடைதோறும் காண்கிறேன். பனியாற்று வகுப்புக்கும் இந்த மஞ்சள் ஜாக்கெட் போதும். ஆண்டு முழுவதும் பனியிலும் பாறையிலும் ஏறுபவராக நீங்கள் ஆகும்போது பனித்தடம் சொன்ன தடித்த துணியைப் பற்றி யோசிக்கலாம்.

மஞ்சள் ஜாக்கெட்டுக்குப் பணம் செலுத்துமுன் உட்புறத்தை வெளியே புரட்டி, தையல்களின் மேல் ஒட்டிய நாடாவை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தலைமறைப்பும் தோளும் சேரும் இடத்திலும் அக்குளிலும் நகத்தால் மெல்ல நெருடினால் ஓரம் எழக் கூடாது. சில ஆண்டுகள் வெப்பமான கிடங்கில் கிடந்த சரக்கில் முதலில் விட்டுப்போவது இந்த நாடாவின் பசைதான். பழைய இருப்பில் நான் அஞ்சுவது இது ஒன்றுக்கே.

கணவரின் ஜாக்கெட்டைத் துவைத்து வெப்பமூட்டிய பின், உள்ளே வெளிர்நிறப் பருத்திச் சட்டையோடு அதை அணிந்து, தலைமறைப்பையும் மணிக்கட்டுகளையும் இறுக்கிக்கொண்டு, குளியலறைத் தூவலின் கீழ் பத்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். அசையாமல் நிற்பதால் வியர்க்காது. சட்டையில் ஈரம் இருந்தால் அது வெளியிலிருந்து வந்ததே. தையலோரத்தில் கோடாக நனைந்திருந்தால் நாடாவை மறுபடி ஒட்டித் தரும் பழுதுபார்ப்பு நிலையங்கள் இருக்கின்றன, அவற்றின் விவரத்தைச் சொல்கிறேன். துணியின் நடுவே பரவலாக நனைந்திருந்தால் படலம் போய்விட்டது என்று பொருள். அப்போது அவருடைய அளவையும் உடல்வாகையும் இங்கே எழுதுங்கள், ஆகஸ்டுக்குள் பொருத்தமானதைத் தேடிவிடலாம்.